நூல் மாதிரி வந்த தண்ணி

அந்த ஸ்டூல் வேண்டாம் மொதலாளி, ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க. இருங்க, துணி போடுறேன், பூரா கிரீஸ். உங்க சட்டைக்கு அப்புறம் நான்ல பதில் சொல்லணும்.

ம், கேட்டீங்களே, சொல்றேன். தப்பு டிரைவர் மேலயா, இல்லையா. ஒத்தை வார்த்தை. நான் ஆமான்னு சொன்னா நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. மணிக்கட்டுல மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கிற மனுஷன்கிட்ட, இனிமே படகுத்துறைப் பக்கம் வராதப்பான்னு சொல்லிட்டு, கையில கொண்டுபோன பழத்தைத் தலைமாட்டுல வச்சிட்டு வந்துடுவீங்க. இல்லைன்னு சொன்னா, அப்போ வேற யார் மேலன்னு கேப்பீங்க. கேக்கணும்ல. படகு நிறைய ஆளை வச்சுக்கிட்டு நடு ஆத்துல மோட்டார் நின்னுருக்கு. பாலத்துத் தூண்ல போய் மோதப் பாத்திருக்கு. இதைக் கேக்காம விட்டா அப்புறம் என்ன மொதலாளி நீங்க.

என்கிட்ட வந்து ஏன் கேக்குறீங்கன்னும் எனக்குத் தெரியும். கோவிச்சுக்காதீங்க, சும்மா சொல்றேன். அவன் என் தங்கச்சி புருஷன்தான். ஆனா அவனைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வராதுன்னு இந்தத் துறையில படுத்துக் கெடக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். ஆமான்னு சொல்றதுக்கு என்னைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கெடைக்க மாட்டான். சரி, சரி. நீங்க அப்படி நெனைக்கல. நான்தான் நெனைச்சேன். விடுங்க.

மோட்டாரைப் பாருங்க. கட்டி இழுத்துக்கிட்டு வந்து இந்த ஸ்டாண்டுல மாட்டினதோட சரி, மேல்மூடியைத் தவிர ஒண்ணையும் நான் தொடல. நீங்க வந்தப்புறம் தொறக்கலாம்னு வச்சிருந்தேன். நான் பாட்டுக்குத் தனியாத் தொறந்து அவன் மேல தப்பில்லைன்னு சொன்னா, தங்கச்சிக்காகச் சொல்றான்னு ஒரு பேச்சு வரும். தப்புன்னு சொன்னா, கெழவன் பழி தீத்துக்கிட்டான்னு ஒரு பேச்சு வரும். ரெண்டும் வேண்டாம். உங்க கண்ணு முன்னாடியே ஒவ்வொண்ணாத் தொறக்குறேன். நீங்களே பாத்துக்குங்க.

இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கெடையாது, ஃபேன் கெடையாது. ஆத்துத் தண்ணிதான் அதுக்கு எல்லாம். கீழ தண்ணிக்குள்ள முங்கி இருக்கும்ல, இந்தப் பாகத்தை நாங்க கால்னு சொல்லுவோம். கால்ல ரெண்டு பக்கமும் சல்லடை மாதிரி இருக்கு பாருங்க, அது வழியா உறிஞ்சும். உள்ள ஒரு ரப்பர் சக்கரம் சுத்தும். அது அந்தத் தண்ணியை ஒரு நெட்டுக் குழாய்ல மேல தள்ளிவிடும். மேல போய் இஞ்சினைச் சுத்தி வந்து, சூட்டை வாங்கிக்கிட்டு, வந்த மாதிரியே ஆத்துக்குள்ள எறங்கிடும். அதுல கொஞ்சூண்டு மட்டும் இந்தப் பக்கத்து ஓட்டை வழியா வெளிய பீச்சும். உள்ள தண்ணி ஓடுதுன்னு நமக்கு அது ஒண்ணுதான் சாட்சி. படகோட்டுறவங்க அதைப் பாத்து, மோட்டார் ஒண்ணுக்குப் போகுதுடான்னு சொல்லுவாங்க. சிரிக்காதீங்க. பச்சைப் புள்ளைக்கும் இதுக்கும் ஒரே கவலைதான். போகுதா, நல்லாப் போகுதா. போகலைன்னா வீடே கலங்கிடும்.

இப்போ அவன் என்ன சொல்றான்? பாதி ஆறு தாண்டினதும், சூடு ஏறினா கத்துமே பஸ்ஸர், அது கத்துச்சாம். உடனே வேகத்தைக் கொறைச்சானாம். திரும்பிப் பாத்தா பீச்சுற தண்ணி இல்ல, ஆவி வருதாம். நிறுத்தலாம்னா நீரோட்டம் பாலத்துப் பக்கம் இழுக்குது. அவன் யோசிக்கிறதுக்குள்ள மோட்டாரே இறுகி நின்னு போச்சு. கம்பு எடுக்க நேரமில்லாம தூணுக்கும் படகுக்கும் நடுவுல கையைக் குடுத்துத் தள்ளியிருக்கான். உக்காந்திருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. அவன் மணிக்கட்டுதான் போச்சு. தொறை பூரா இதே பேச்சுதான். பெரிய வீரன். நானா இருந்தா கம்பை மொதல்லயே பக்கத்துல போட்டு வச்சிருப்பேன்னு நேத்து டீக்கடையில சொன்னேன். எல்லாரும் அவங்கவங்க கிளாஸைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானுங்க.

நீங்க சொல்றது என்ன? கெளம்புறப்போ அவன் தண்ணி வருதான்னு பாக்கல. பஸ்ஸர் கத்தினப்புறமும் முறுக்கிக்கிட்டு ஓட்டியிருக்கான். அதானே? சரி, பாப்போம்.

மொதல்ல இந்தப் பீச்சுற ஓட்டை. மெல்லிசுக் கம்பி ஒண்ணு போதும். பல சமயம் மோட்டாருக்கு ஒரு கேடும் இருக்காது, இந்த ஓட்டைல மண்ணு அடைச்சிருக்கும், இல்ல ஏதாவது பூச்சி கூடு கட்டியிருக்கும். அதைக் குத்திப் பாக்காம மோட்டாரையே பிரிச்சுப் போட்டவன் உண்டு. பாருங்க, கம்பி எவ்வளவு தூரம் போகுதுன்னு. வாயை வச்சு ஊதுறேன். காத்து போகுது. அடைப்பு இல்ல. இது டிரைவர் பாத்துக்க வேண்டிய வேலை. பாத்திருக்கான். ஒண்ணு அவன் பக்கம்.

அடுத்தது கீழ சல்லடை. கிட்ட வந்து குனிஞ்சு பாருங்க. இதுல பாசி புடிக்கும். ஆத்துல மெதக்குற பிளாஸ்டிக் பை வந்து ஒட்டிக்கிச்சுன்னா வாயைப் பொத்தின மாதிரி ஆயிடும். நெஜத்தைச் சொல்லட்டுமா? இழுத்துக்கிட்டு வந்த அன்னிக்கு நான் மொதல்ல இங்கதான் குனிஞ்சு பாத்தேன். ஒரு பை இருக்கணும், ஒரு கிழிஞ்ச துண்டாவது இருக்கணும்னு. இல்ல. வழிச்சு விட்ட மாதிரி சுத்தமா இருக்கு. பழைய பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை வச்சு இதைத் தேய்ப்பான் அவன். தேய்ச்சுட்டு அதையே திரும்ப வீட்டுக்குக் கொண்டு போறானோ என்னவோ. என் தங்கச்சி பாவம்.

போன் அடிக்குது பாருங்க. பேசுங்க, பேசுங்க. நான் அதுக்குள்ள இஞ்சின் மேல உள்ள இந்தச் சின்ன மூடியைக் கழட்டிக்கிறேன்.

யாரு, ஆபீஸ்லேர்ந்தா? புது டிரைவர் ரெடியா? நாளைக்கே வர்றானாமா. நல்லது. படகு சும்மா நிக்கக் கூடாதுல்ல. அந்தப் பழைய மோட்டாரைப் போட்டு ஓட்டட்டும், அதுக்கு நான் தண்ணி பாத்து வச்சிருக்கேன். அவசரப்பட்டு வரச் சொல்லிட்டீங்களோன்னு... ஒண்ணுமில்ல, சும்மா. நாளைக்குக் காலையிலதானே. இன்னும் பொழுது கெடக்கு.

இங்க பாருங்க, இது தெர்மோஸ்டாட். இஞ்சின் குளிர்ந்திருக்கிறப்போ இது சாத்தியிருக்கும், சூடானதும் தானாத் தொறந்து தண்ணியை விடும். உப்பு புடிச்சு இறுகிப் போனா தொறக்காது. அடுப்புல தண்ணி கொதிக்க வச்சதே இதுக்குத்தான். டீ போடத்தான்னு நெனைச்சீங்களா? உள்ள போடுறேன். பாருங்க, இப்போ மூடியிருக்கு... கொஞ்சம் பொறுங்க... தொறக்குது பாருங்க, மீன் வாயைத் தொறக்கிற மாதிரி. நல்லா இருக்கு. இதுவும் இல்ல.

பஸ்ஸர் விஷயம். அது கத்தினப்புறமும் இழுத்து ஓட்டியிருந்தான்னா இந்த ஹெட்டுல, அதான் இஞ்சினோட தலைப்பாகத்துல, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக் கெளம்பியிருக்கணும். பிளக் ஒயர் உருகி ஒட்டியிருக்கணும். நான் பாத்திருக்கேன், பொசுங்கின நாத்தம் ஒரு வாரம் போகாது. இங்க மோந்து பாருங்க. கைய வச்சுத் தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்குதா? அப்போ அவன் சொன்னது சரி. கத்தினதும் வேகத்தைக் கொறைச்சிருக்கான். மோட்டாரும் முழுசாச் சாகல. உள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டு மெதுவாத் திருப்பினேன்னா அசையும்னு நெனைக்கிறேன்.

நான் ஏன் அவனுக்காகப் பேசுறேன்னு பாக்குறீங்க. நான் பேசல மொதலாளி, மோட்டார் பேசுது. எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.

கெளம்புறப்போ தண்ணி பாத்தானா இல்லையான்னு கேட்டீங்க. அதுக்கு வாட்ச்மேனைக் கேளுங்க. தெனம் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணினதும் பின்னாடி போய்க் குனிஞ்சு, பீச்சுற தண்ணியில உள்ளங்கையை நீட்டிக்கிட்டு நிப்பான். காய்ச்சக்காரப் புள்ள நெத்தியில கை வச்சுப் பாக்குற மாதிரி. தண்ணி என்ன வேகத்துல வருது, எவ்வளவு சூடா வருதுன்னு. நான் அதைக் கேலி பண்ணாத நாளில்ல. டாக்டர் நாடி புடிக்கிறார்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லிச் சிரிப்பேன், அவன் காதுல விழுற மாதிரி. அவன் திரும்ப மாட்டான். கையை லுங்கியில தொடைச்சுக்கிட்டு ஏறிடுவான்.

அந்தக் கையிலதான் இப்போ கட்டு.

போன வாரம் நான் இதைச் சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன்ல. அதுக்கப்புறம் ஒரு நாள் மத்தியானம் தங்கச்சி சாப்பாடு கொண்டு வந்தா. என் வீட்டுக்காரி போனதுலேர்ந்து அவதான் எனக்கு மத்தியானச் சோறு, உங்களுக்குத் தெரியுமே. புருஷனுக்கும் எனக்கும் பேச்சு இல்லாததால ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனும் அவதான். அவருக்குச் சொல்லு, இவருக்குச் சொல்லுன்னு ஆளுக்கொரு பக்கம் அவளை இழுத்தா அவ என்ன பண்ணுவா. அன்னிக்கு வந்து சொன்னா, அண்ணே, சர்வீஸுக்கு அப்புறம் தண்ணி மெல்லிசா வருதாம், நூல் மாதிரி இருக்குதாம், ஒரு தடவை பாக்கச் சொல்றாருன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா. ஓட்டத் தெரியாதவனுக்கு எல்லாம் மெல்லிசாத்தான் தெரியும்னு சொல்லுன்னேன். வாயில சோத்தை வச்சுக்கிட்டே சொன்னேன்.

ஆமா. சொல்லியிருக்கான். அப்போ கெளம்புறதுக்கு முன்னாடி தண்ணி பாத்திருக்கான்ல. அதுவும் அவன் பக்கம்.

இருங்க மொதலாளி, எழுந்திருக்காதீங்க. இன்னும் காலைக் கழட்டல. இதுவரைக்கும் பாத்தது எல்லாம் டிரைவர் பாக்க வேண்டியது. இதுக்கு மேல உள்ளதுதான் மெக்கானிக் பாக்க வேண்டியது.

நேத்தும் தங்கச்சி வந்தா. சோத்துப் பாத்திரத்தை இதே பெட்டி மேல வச்சா. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்திருக்கா போல, கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. எப்பவும் வந்ததும் சாப்பிடுண்ணே, ஆறிடும்பா. நேத்து வெளிய போய்ச் சுவத்தோரமா நின்னா. நான் சாப்பிட்டு முடிச்சதும் வந்து பாத்திரத்தை எடுத்தா, கழுவினா, கூடையில வச்சா, போயிட்டா. ஏன்ணே, நான் அன்னிக்குச் சொன்னேனேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தான்னா நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சண்டை போட்டிருப்போம், முடிஞ்சிருக்கும். அவ கேக்கல. நான் தின்ன பாத்திரத்தைக் கழுவிக்கிட்டிருக்கா, அவ முதுகைப் பாத்துக்கிட்டு நான் நின்னேன்.

கொஞ்சம் இந்தக் காலை அடியில தாங்கிப் புடிங்க. கனமா இருக்கும். துணியோட சேத்துப் புடிங்க, கை வழுக்கும். இந்த போல்ட் கடைசி... ம், எறங்குது... மெதுவா, மெதுவா. போதும், இங்க வச்சிடுவோம்.

இதுதான் நான் சொன்ன ரப்பர் சக்கரம். எறக்கை எறக்கையா இருக்கு பாருங்க. தண்ணியில்லாம ஓட விட்டா இது கருகி, எறக்கை பிஞ்சு, தூள் தூளாப் போயிடும். டிரைவருங்க பண்ற பெரிய தப்பு அது. கரையில சும்மா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்னு சொல்லித் தண்ணியில்லாம ஓட்டுவானுங்க. அப்படி ஏதாவது பண்ணியிருக்கானான்னு பாப்போம். வளைச்சுப் பாருங்க. வளையுது, திரும்புது. போன வாரம் நான் போட்ட அதே புதுச் சக்கரம்தான். ஓரத்துல லேசாக் காஞ்சிருக்கு, அது கடைசி நிமிஷத்துல காஞ்சது. மத்தபடி ஒரு எறக்கை போகல.

அப்போ என்ன மிச்சம்? சக்கரம் தள்ளியிருக்கு. மேல ஓட்டை தொறந்திருக்கு. நடுவுல தண்ணி எங்க போச்சு?

இந்தக் குழாய். மேலேர்ந்து தொங்குது பாருங்க. காலை மாட்டுறப்போ இந்தக் குழாயோட வாய், கீழ பம்புக்கு மேல இருக்கிற இந்த ரப்பர் வளையத்துக்குள்ள நேரா எறங்கி உக்காரணும். உக்காந்தா ஒரு சொட்டு சிந்தாது. உக்காராம ஓரத்துல முட்டிக்கிட்டு நின்னா, பாதித் தண்ணி மேல போகும், பாதி உள்ளயே கொட்டி வீணாப் போகும். டிரம்முல தண்ணி நிரப்பி மெதுவா ஓட்டிப் பாக்குறப்போ ஏதோ வரும். நூல் மாதிரி வரும். ஆளை ஏத்திக்கிட்டு ஆத்துல வேகம் எடுத்தா அந்த அதிர்ச்சியில ஒரு நாள் முழுசா நழுவிடும். அன்னிக்குத்தான் பஸ்ஸர்.

இந்த ரப்பர் வளையத்தைக் கையில வாங்கிப் பாருங்க. ஒரு ஓரம் நசுங்கிக் கெடக்கா? அதுல பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கா? எனக்கு விரல்ல தெரியுது. குழாய் வாய் பட்ட தழும்பு. உள்ள எறங்கவே இல்ல அது.

ஆமாங்க. டிரைவர் இதைத் தொட முடியாது. காலைக் கழட்டினாத்தான் இது கண்ணுலயே படும். கழட்டினது நான், மாட்டினது நான்.

டிராயர்ல புது வளையம் இருக்கு. நேத்து ராத்திரி பூரா ஸ்பானரைக் கையில வச்சுக்கிட்டு இது முன்னாடி உக்காந்திருந்தேன். தொறந்து, நசுங்கினதைத் தூக்கி ஆத்துல போட்டுட்டு, புதுசைப் போட்டு மூடியிருந்தா ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. நீங்க வந்ததும், எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஓட்டினவன்தான் சரியில்லைன்னு சொல்லியிருக்கலாம். நீங்களும் நம்பியிருப்பீங்க. போல்ட்டுல ஸ்பானரை மாட்டிட்டேன்கூட. அப்புறம் எடுத்துட்டேன். நல்லவன்னு நெனைக்காதீங்க. இருட்டுல எனக்குக் கை சரியாப் போகாது, அதுவும் ஒரு காரணம்.

இல்ல, இது எல்லாருக்கும் நடக்கிற தப்புன்னு நீங்க சொல்றது உங்க பெரிய மனசு. காலை மாட்டுறது ஒத்தை ஆள் வேலை இல்ல மொதலாளி. ஒருத்தன் கீழேர்ந்து தூக்கணும். இன்னொருத்தன் காலுக்கும் மோட்டாருக்கும் நடுவுல உள்ள சந்துல டார்ச் அடிச்சுக் குழாய் எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லணும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஆங், எறங்கிடுச்சுன்னு வாயால சொல்லணும். முன்ன நான் விரலை விட்டே பாத்துக்குவேன். இப்போ விரலும் தடிச்சுப் போச்சு, கண்ணுல புரை. உங்களுக்குத் தெரியும். உங்ககிட்டதானே அவன் சொன்னான்.

மறந்துட்டீங்களா? நான் மறக்கல. படகுத்துறையில எல்லாரும் நிக்கிறாங்க. அவன் உங்ககிட்ட வந்து, மச்சானுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல மொதலாளி, வேலை பாக்குறப்போ கூட ஒரு ஆளைப் போடுங்கன்னான். நீங்களும் என்னைப் பாத்து, கண்ணாடி போட்டுக்கலாமே பெரியவரேன்னீங்க. நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா எல்லாரும் என் கண்ணைப் பாத்தாங்க. நான் ஏதோ கீழ விழுந்த நட்டைத் தேடிக்கிட்டிருக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நாப்பது வயசுல இந்தத் தொறைக்கு வந்ததுலேர்ந்து என் கை படாத மோட்டார் இங்க ஒண்ணு கெடையாது. அப்படிப்பட்ட எனக்கு என் தங்கச்சி புருஷன் வந்து, கூட ஆள் போடுங்கன்னு சொல்றான். அன்னிக்கு நிறுத்தினேன் பேச்சை. அவன் வீட்டு வாசலுக்குப் போனாகூட, தங்கச்சியை மட்டும்தான் கூப்பிடுவேன். அவன் நாற்காலியை இழுத்துப் போடுவான், நான் நின்னுக்கிட்டே பேசிட்டு வந்துடுவேன்.

அவனும் லேசுப்பட்டவன் இல்ல. நான் பேசலைன்னதும் அவனும் பேசல. ஒரே எடத்துல நிக்க வேண்டி வந்தா, நான் சுவத்தைப் பாத்து, சாவி எங்க இருக்குதோன்னு சொல்லுவேன். அவன் படகைப் பாத்து, ஆணியில தொங்குதேன்னு சொல்லுவான். வாட்ச்மேன் சிரிச்சு உருளுவான். எங்களுக்கு அது பழகிப் போச்சு.

போன வாரம், அந்தச் சர்வீஸ் நாள். எனக்கு டார்ச் புடிக்கிற வாட்ச்மேன் லீவு. யார்கிட்டயும் கேக்க மாட்டேன்னு என் தங்கச்சிக்குத் தெரியும். அவதான் அவனை அனுப்பியிருக்கா. வந்து வாசல்ல நின்னான். வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல நான். உள்ள வந்து டார்ச்சை எடுத்துக்கிட்டான். நான் காலைத் தூக்கினேன். அவன் குனிஞ்சு அந்தச் சந்துல அடிச்சுப் பாத்துக்கிட்டு நின்னான்.

என்ன மொதலாளி? ... ம். அவன்தானே பாத்துக்கிட்டு இருந்தான்னா? டார்ச் அவன் கையிலதானே இருந்துச்சு, அவன்தானே சொல்லியிருக்கணும்னா? அப்படியும் வச்சுக்கலாம். கண்ணு தெரியாத வயசானவன் தூக்கிப் புடிச்சிருக்கான், கண்ணு தெரிஞ்சவன் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கான். அப்போ தப்பு மறுபடியும் அவன் மேல போயிடும். புது டிரைவர் நாளைக்கு வந்துடுவான். நானும் இந்த ஷெட்டுல அப்படியே இருந்துடலாம். எனக்கு வசதிதான். நீங்க இதைச் சொல்லுவீங்கன்னு நான் எதிர்பாக்கல, பாருங்க.

சொன்னான் மொதலாளி.

என்னைப் பாத்துச் சொல்லல. நிமிந்து, அந்தா அந்த டிரம் இருக்குல்ல, அதைப் பாத்துச் சொன்னான். குழாய் எறங்கல, வெளிய முட்டிக்கிட்டு நிக்குதுன்னு. தெளிவாத்தான் சொன்னான். கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு, இன்னொரு தடவையும் சொன்னான். நான், டிரம்முக்கிட்ட சொல்ற சேதி டிரம்முக்குன்னு நெனைச்சுக்கிட்டு, போல்ட்டை எடுத்து முறுக்கிட்டேன்.